ஒரே பொட்டலம்

"வாயைத் திற."

திறந்தாள்.

"நாக்கைத் தூக்கு."

தூக்கினாள். கணவன் கைப்பேசி விளக்கை அடித்துக்கொண்டு குனிந்து, காணாமல்போன சாவியைக் கட்டிலுக்கடியில் தேடுகிறவன் மாதிரி அவள் வாய்க்குள் ஒரு சுற்றுப் பார்த்தான். வெளிச்சம் வலப்பக்கக் கடைவாய்க்குப் போனதும் அவள் முகம் சுளித்தாள். அந்தப் பக்கத்து ஈறு மாதக்கணக்காக வீங்கிக் கிடந்தது. இடப்பக்கமாகவே மென்று பழகிப்போயிருந்தாள். அவன் கண் அந்த வீக்கத்தின் மேல் பட்டுத்தான் போயிற்று. ஆனால் அவன் தேடியது மாத்திரையை. மாத்திரை இல்லை.

"முழுங்கிட்டியா?"

"முழுங்கிட்டேன்."

"சத்தியமா?"

தினமும் காலையில் சத்தியம் பண்ணிப் பண்ணி அந்த வார்த்தைக்கே மரியாதை போய்விட்டது. அவன் காலி பால் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, குளியலறைக்குப் போய்த் தண்ணீர் போகும் துவாரத்தின் மூடியைத் தூக்கிப் பார்த்தான். அப்புறம் குப்பைக்கூடை. அப்புறம் ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த சிமெண்டுப் பலகை. எங்கேயும் ஒன்றும் இல்லை. அதற்காக அவன் நிம்மதியடையவில்லை. கெட்டிக்காரத்தனமாக வேறெங்கோ ஒளித்துவைக்கிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டான்.

இதில் கொடுமை என்னவென்றால், இந்தப் பெண்ணின் வார்த்தையை நம்பித்தான் ஊரே வண்டி ஏறிக்கொண்டிருந்தது. பேருந்து நிலையத்து மாடியில் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை. அதில் ஒரு மைக், கிறீச்சிடும் ஒரு மின்விசிறி, குஷன் கிழிந்த ஒரு நாற்காலி. அங்கே உட்கார்ந்து "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அவள் ஆரம்பித்தால் கீழே மூட்டைமேல் தலைவைத்துத் தூங்குகிறவனும் எழுந்து உட்காருவான். எந்த நடைமேடை என்று அவள் சொல்கிறாளோ அதுதான். குழந்தைகுட்டிகளை இழுத்துக்கொண்டு, முகம் தெரியாத ஒருத்தியின் பேச்சைக் கேட்டு அத்தனை பேரும் ஓடுவார்கள். ஒருத்தராவது மாடியேறி வந்து "சத்தியமா?" என்று கேட்டதில்லை.

வீட்டிலும் அந்தக் குரல்தான் ராஜ்ஜியம் நடத்தியது. அவளுக்கு ஒரே பெண். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்த வயது, வாலு என்று கூப்பிடுவார்கள். பெயருக்கேற்ற பெண். அடித்தாலும் வராது, கெஞ்சினாலும் வராது. ஆனால் அம்மா அடுப்படியில் நின்றபடி, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. குளியலறை வழியாகப் பள்ளிக்கூடம் செல்லும் வாலு எக்ஸ்பிரஸ் இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்" என்று அறிவித்துவிட்டால் போதும். எங்கிருந்தாலும் ஓடிவந்து, இல்லாத டிக்கெட்டை நீட்டிக்கொண்டு நிற்கும்.

அந்தக் குரல் போய்விட்டது. முதலில் கரகரத்தது, அப்புறம் கனத்தது. தொண்டைக்குள் ஈரச்சாக்கை அடைத்த மாதிரி ஆகிவிட்டது. குரலோடு கூடவே மற்றவையும் ஒன்றொன்றாகக் கழன்றுகொண்டன. எல்லோரும் விசிறிக்கொண்டிருக்கும்போது இவள் போர்த்திக்கொண்டு நடுங்கினாள். சீப்பை வைத்தால் முடி கொத்தோடு வந்தது. மாதாமாதம் போகிற ரத்தம் வாளிக்கணக்கு. முகம் ஊதிப்போய்க் கண்ணாடியில் யாரோ தூரத்துச் சொந்தக்காரி நின்றாள். தைராய்டு மந்தமாகிவிட்டது என்றார் டாக்டரம்மா. ஒரு சின்ன வெள்ளை மாத்திரை, காலையில் வெறும் வயிற்றில், வாழ்நாள் முழுக்க. அவ்வளவுதான், பயப்பட ஒன்றுமில்லை.

உண்மையில் ஆரம்பத்தில் பயப்பட ஒன்றுமில்லாமல்தான் இருந்தது. கொஞ்ச நாளிலேயே குரலில் ஈரச்சாக்கு காய்ந்தது. மாடிப்படியை மூச்சு வாங்காமல் ஏறினாள். பிறகு என்ன ஆயிற்றோ, சறுக்குமரத்தில் உட்கார்ந்த மாதிரி கீழே இறங்க ஆரம்பித்தாள். ரத்தத்தில் பார்க்கிற அளவு கெட்டுக்கொண்டே போயிற்று. டாக்டரம்மா மாத்திரையின் அளவைக் கூட்டினார், மறுபடி கூட்டினார். மாத்திரையும் ஏறியது, நோயும் ஏறியது. ஒருநாள் நடைமேடையை மாற்றிச் சொல்லி, ஒரு கல்யாணக் கோஷ்டியையே தப்பான ஊருக்கு அனுப்பிவைத்தாள். மேலதிகாரி நல்ல மனிதர், கத்தவில்லை. குரல் சரியாகிற வரைக்கும் வீட்டிலிருங்கம்மா என்று அனுப்பிவிட்டார்.

அதையும் தாங்கிக்கொண்டிருப்பாள். பள்ளிக்கூட வாசலில் நடந்ததைத்தான் தாங்க முடியவில்லை. மத்தியானம் சற்றுக் கண்ணை மூடியவள், கதவை உடைக்கிற மாதிரி யாரோ தட்டும்போதுதான் விழித்தாள். வெளியே பொழுது சாய்ந்திருந்தது. பள்ளிக்கூடத்து ஆயா வாலுவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். குழந்தை அழுதுமுடித்து, அழுத தடம் காய்ந்துபோய் நின்றது. "அம்மா, என்னை மறந்துட்டியா?" என்று கேட்டது. கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகக் கேட்டது.

அதற்கப்புறம்தான் கணவன் டாக்டரம்மாவிடம் கூடவே வந்தான். அவர் அவளைப் பார்த்துக் கேட்ட கேள்வி அவன் காதில் விழுந்தது.

"உண்மையைச் சொல்லுங்க. மாத்திரையை ஒழுங்கா சாப்பிடுறீங்களா? இவ்வளவு சாப்பிட்டா இந்த அளவு இப்படி இருக்க வாய்ப்பே இல்லம்மா."

"தினமும் சாப்பிடுறேன் டாக்டர். வெறும் வயித்துலதான்."

"வேற மாத்திரை ஏதாவது எடுக்கிறீங்களா?"

"இல்லைங்க."

டாக்டரம்மா ரத்தத்தில் இரும்பின் சேமிப்பையும் பார்க்கச் சொன்னார். முடிவு வந்தபோது அது நன்றாகவே இருந்தது, கொஞ்சம் தாராளமாகவே இருந்தது. பிறகு வேறு எதைச் சந்தேகப்படுவது? அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கணவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

அவன் கெட்டவன் இல்லை. அதைச் சொல்லாமல் மேலே போனால் பாவம். ஒரு பெரிய சரக்குக் கிடங்கில் பொட்டலம் கட்டுகிற வேலை அவனுக்கு. அங்கே அவனுக்கு 'முடிச்சு' என்றே பெயர். அவன் போட்ட முடிச்சு கப்பலில் போனாலும் அவிழாது என்பார்கள். கிடங்கில் இரண்டு சட்டம் உண்டு. முதல் சட்டம், ஒரே விலாசத்துக்குப் போகிற சாமான்கள் எத்தனை இருந்தாலும் ஒரே பொட்டலமாகக் கட்ட வேண்டும். தனித்தனியாக அனுப்பினால் ஒன்று போய்ச் சேரும், ஒன்று வழியில் தொலையும். இரண்டாவது சட்டம், கட்டினவன் மூலையில் தன் குறியைப் போட வேண்டும். பொட்டலம் உடைந்து திரும்பி வந்தால் குறிக்குச் சொந்தக்காரனே எல்லோர் முன்னாலும் அதைப் பிரிக்க வேண்டும். அவன் குறி வட்டத்துக்குள் ஒரு புள்ளி. அந்தக் குறி போட்ட பொட்டலம் இதுவரை திரும்பி வந்ததில்லை. அதில் அவனுக்கு அசாத்தியப் பெருமை.

மனைவிக்குத் தைராய்டு என்று தெரிந்ததும் அவன் கைகட்டிக்கொண்டு உட்காரவில்லை. முகம் வெளுத்திருக்கிறதே, முடி கொட்டுகிறதே என்று, வெள்ளை மாத்திரை ஆரம்பித்த கொஞ்ச நாளில் மருந்துக்கடையில் விசாரித்து இரும்புச்சத்து மாத்திரை வாங்கினான். எலும்புக்கு இருக்கட்டும் என்று சுண்ணாம்புச்சத்தும் சேர்த்து வாங்கினான். எல்லாம் போகிற விலாசம் ஒன்றுதானே? ஞாயிற்றுக்கிழமை தரையில் உட்கார்ந்து, சிறுசிறு காகிதம் வெட்டி, வெள்ளை ஒன்று, கருஞ்சிவப்பு ஒன்று, நீளமானது ஒன்று என வைத்து மடித்து, மூலையில் தன் குறியைப் போட்டு, வாரத்துக்கான பொட்டலங்களை அடுக்கிவைப்பான். இருட்டோடு வேலைக்குக் கிளம்புமுன் ஒரு டம்ளர் பாலைச் சுடவைத்துக் கொண்டுவந்து கொடுப்பான். வெறும் வயிற்றில் இத்தனை மாத்திரை போனால் குடல் என்னத்துக்காகும்? பால் ஒன்றும் சாப்பாடு இல்லையே.

இப்படித் தன் கையால் கட்டி, தன் கையால் கொடுத்து, தன் கண்ணால் பார்த்த மாத்திரை வேலை செய்யவில்லை என்றால் அவன் என்ன நினைப்பான்? பொட்டலத்தில் தப்பிருக்கும் என்று மட்டும் அவனுக்குத் தோன்றாது. வாங்கிக்கொண்ட ஆள் மேல்தான் சந்தேகம் வரும்.

அன்றிலிருந்து கண்கொத்திப் பாம்பாக அவளைக் கவனித்தான். வாயைத் திறக்கச் சொன்னதும் அதற்கப்புறம்தான். ஒருநாள் படுக்கையை உதறும்போது தலையணை உறைக்குள்ளிருந்து காலிக் காகிதங்கள் பொலபொலவென்று விழுந்தன.

"இது என்னது?"

எப்படிச் சொல்வது? எல்லோரும் இல்லை இல்லை என்று சொல்லிச் சொல்லி, அவளுக்கே தன் மேல் சந்தேகம் வந்துவிட்டது. தலைக்குள் எப்போதும் புகை. அடுப்பை அணைத்தோமா, கதவைப் பூட்டினோமா என்பதே நிச்சயமில்லை. மாத்திரையை முழுங்கினோம் என்பது மட்டும் எப்படி நிச்சயம்? முழுங்கினதாக நினைத்துக்கொண்டு எங்கேயாவது போட்டுவிடுகிறோமோ? அதற்காகத்தான் பிரித்த காகிதத்தையெல்லாம் சேர்த்துவைத்தாள். பகலில் தனியாக இருக்கும்போது அவற்றை எடுத்துப் பார்த்து, சாப்பிட்டிருக்கிறேன், நான் பொய் சொல்லவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

"சாப்பிட்டதுக்கு அடையாளமா வெச்சிருந்தேன்."

"காகிதம் இருக்கு. மாத்திரை எங்க?"

"உள்ளே போச்சுங்க."

அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். காகிதங்களைக் கையில் அள்ளி, ஒவ்வொன்றாக நீவி மடியில் அடுக்கினான். பேசியபோது அவன் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளை உலுக்கியது.

"உனக்கு எங்களோட இருக்கப் பிடிக்கலையா? வாழவே பிடிக்கலையா? சொல்லிடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமா மட்டும் சாகாத."

அவள் ஓவென்று அழுதாள். அழுகைகூட அவள் குரலில் வரவில்லை, யாரோ அடுத்த வீட்டில் அழுவது போலிருந்தது.

விஷயம் நாத்தனார் காதுக்குப் போயிற்று. கணவனின் அக்கா, தாய்க்குத் தாயாக இருந்து அவனை வளர்த்து ஆளாக்கியவள். அவள் சொல்லுக்கு அவன் மறுசொல் சொன்னதில்லை. வந்து இறங்கியவள் சுற்றி வளைக்காமல் பேசினாள்.

"இந்தா பாரும்மா, உன்னைக் குத்தம் சொல்ல வரல. நீ மருந்தைச் சாப்பிடு, சாப்பிடாமப் போ, உன் உடம்பு உன் இஷ்டம். பச்சைப் பிள்ளை என்ன பாவம் பண்ணுச்சு? இன்னைக்குப் பள்ளிக்கூட வாசல்ல நிக்க வெச்ச, நாளைக்கு அடுப்பைத் திறந்து விட்டுட்டுத் தூங்குவ. தம்பி விடியறதுக்கு முன்னாடி வேலைக்குப் போயிடுறான். வாலுவை நான் கூட்டிட்டுப் போறேன். எங்க ஊர்லயும் பள்ளிக்கூடம் இருக்கு."

"அண்ணி, நான் தினமும் சாப்பிடுறேன். என்னை நம்புங்க."

"டாக்டரே நம்பலையே, நான் எங்க நம்புறது?"

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

டாக்டரம்மாதான் ஒரு வழி சொன்னார். ஒருநாள் மருத்துவமனைக்கு வந்து நர்ஸ் கண்முன்னாலேயே மாத்திரையைச் சாப்பிட வேண்டும். ஒரு வாரத்துக்கானதை ஒரே வேளையில் கொடுப்பார்கள். பிறகு விட்டு விட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். உடம்பு மாத்திரையை ஏற்றுக்கொள்ளவில்லை என்றால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறாது. அப்படியானால் குடலில் கோளாறு, இவள் சொன்னதெல்லாம் உண்மை. ஏறிவிட்டால் வேறு கதை.

அந்தச் சோதனைக்காக அவள் ஏங்கினாள். அளவு ஏறக்கூடாது, ஏறவே கூடாது என்று மனத்துக்குள் கும்பிட்டாள். எந்தப் பெண்ணாவது தன் குடல் கெட்டிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வாளா? இவள் வேண்டிக்கொண்டாள். கெட்ட குடல் இருந்தால் குழந்தை கூட இருக்கும். நல்ல குடல் என்றால் குழந்தை அத்தையோடு போய்விடும். நாத்தனார் முடிவைத் தன் காதால் கேட்டுவிட்டே கிளம்புவதாகச் சொல்லியிருந்தாள்.

சோதனை நாளில் நர்ஸ் சிறிய வெள்ளை மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டினார். ஒரு குவளைப் பச்சைத் தண்ணீர் கொடுத்தார். அவள் முழுங்கினாள். யாரும் சொல்லாமலேயே வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள்.

"ஐயோ, அதெல்லாம் எதுக்கும்மா?" என்றார் நர்ஸ்.

பழக்கம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. நாற்காலியில் சாய்ந்து, கையில் ஊசியோடு, அன்று முழுவதும் தன் குடலைச் சபித்துக்கொண்டிருந்தாள்.

முடிவு சொல்லும் நாளன்று குடும்பமே கிளம்பியது. வாலுவின் துணிமணி, பொம்மை, பள்ளிக்கூடச் சாமான் எல்லாவற்றையும் கணவன் முந்தின சாயங்காலமே ஒரு பெரிய பையில் அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தான். குறுக்கும் நெடுக்குமாக அவனுடைய பேர்போன முடிச்சுகள். "எதுக்கும் இருக்கட்டும்னுதான்" என்றான் அவள் முகத்தைப் பார்க்காமல். ரத்தம் எடுப்பார்களோ என்று காலையில் கொடுக்காமல் வைத்திருந்த மாத்திரைப் பொட்டலத்தையும், ஃபிளாஸ்க்கில் சூடான பாலையும் ஒரு துணிப்பையில் மறக்காமல் எடுத்துவந்திருந்தான். ஒருநாள் மருந்துகூடத் தவறவிடாத மனிதன்.

வாலுவும் அத்தையும் வெளியே நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவளும் கணவனும் உள்ளே போனார்கள். டாக்டரம்மா முடிவைப் பார்த்துவிட்டுச் சற்றுத் தயங்கினார்.

"உங்க உடம்பு மாத்திரையை நல்லாவே எடுத்துக்குதும்மா. அளவு எவ்வளவு ஏறணுமோ அவ்வளவு ஏறியிருக்கு. குடல்ல ஒரு கோளாறும் இல்ல." பிறகு மெதுவாகச் சொன்னார். "உங்களைத் திட்டுறதுக்காகக் கேக்கல. வீட்ல சாப்பிடுற மாத்திரை அப்ப எங்கம்மா போகுது?"

கதவு லேசாகத் திறந்திருந்தது. நாத்தனார் பெஞ்சிலிருந்து எழுந்து வாசலில் வந்து நிற்பது தெரிந்தது. கணவன் நாற்காலியில் கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தான். "போதும். இனிமே கேக்க வேணாம் டாக்டர்" என்றான். நாத்தனார் திரும்பி, "வாலு, செருப்பைப் போடு" என்றாள்.

அந்தக் குரல் கேட்டதும் இவளுக்கு வெறி வந்தது. கணவன் மடியிலிருந்த துணிப்பையைப் பிடுங்கினாள். பொட்டலத்தை எடுத்துக் கிழித்தாள். விரல் மரத்துப்போயிருந்தது, இரண்டு தடவை தவறவிட்டாள். மூன்று மாத்திரைகளையும் உள்ளங்கையில் கொட்டி, ஃபிளாஸ்க் மூடியில் பாலை ஊற்றினாள். பாதி பால் மேசையில் வழிந்தது.

"பாருங்க. எல்லாரும் பாருங்க. தினமும் இப்படித்தான். இப்படித்தான் முழுங்குறேன். இன்னும் நான் என்ன பண்ணணும்? வயித்தைக் கிழிச்சுக் காட்டணுமா?"

வாய்க்குக் கொண்டுபோன கையை டாக்டரம்மா எட்டிப் பிடித்தார்.

"இருங்க, இருங்க. இது என்ன, மூணு இருக்கு?"

"சின்னது நீங்க குடுத்தது."

"மத்த ரெண்டும்?"

"சத்து மாத்திரைங்க. இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும்."

"வேற மாத்திரை சாப்பிடுறீங்களான்னு கேட்டேனேம்மா."

"அது மருந்து இல்லையே டாக்டர். சத்துதானே."

"மூணையும் சேர்த்தா? பாலோடயா? தினமுமா?"

"தினமும். ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லேர்ந்தே."

டாக்டரம்மா அவள் கையிலிருந்த மாத்திரைகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் தள்ளித் தள்ளி வைத்தார். நீண்ட மூச்சு விட்டார். பிறகு சொன்னார். தைராய்டு மாத்திரையும் இரும்பும் வயிற்றுக்குள் சந்தித்தால் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொள்ளும், இரண்டும் ரத்தத்தில் சேராமல் அப்படியே வெளியே போய்விடும். சுண்ணாம்புச்சத்தும் பாலும் அதே வேலையைத்தான் செய்யும். நடுவில் நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். சோதனையன்று வெறும் தண்ணீரில் அது மட்டும் தனியாகப் போயிற்று, ஏறிவிட்டது.

"நீங்க ஒருநாள்கூடப் பொய் சொல்லலம்மா. நான்தான் கேக்க வேண்டியதைக் கேக்க வேண்டிய விதத்துல கேக்கல." டாக்டரம்மா பொட்டலக் காகிதத்தைப் பார்த்தார். "இதை இப்படிச் சேர்த்துக் கட்டினது யாரு?"

"இவருதான்" என்றாள் அவள்.

வாசலிலிருந்து நாத்தனார் உள்ளே வந்துவிட்டாள். "நல்லா இருக்கு நியாயம். மாட்டிக்கிட்டதும் என் தம்பி தலையிலயா? அவன் பாவம், வேலைக்கு ஓடுற அவசரத்துல பாலை ஆத்திக் குடுத்துட்டுப் போறவன். அவன் எங்க கட்டினான்? நீயே வாய்க்கு வந்ததை வாரிப் போட்டுக்கிட்டு..."

எல்லோர் கண்ணும் அவன் மேல் இருந்தது. அவன் முகத்தில் ஈயாடவில்லை. இந்த அக்கா முன்னால் அவன் எந்தத் தப்பும் செய்யாத பிள்ளையாகவே இத்தனை காலம் இருந்துவிட்டான். பேசாமல் இருந்தால் போதும், அக்கா பார்த்துக்கொள்வாள். மனைவிக்கு அது நன்றாகத் தெரிந்தது. மறுபடி ஒருமுறை தன் வார்த்தை தனியாக நிற்கப்போகிறது என்று நினைத்தாள். வாசல் வழியே குழந்தையின் கால் தெரிந்தது. செருப்பு போட்டிருந்தது.

அவன் எழுந்தான். மேசையில் கிழிந்து கிடந்த காகிதத்தை எடுத்து, பால் பட்ட இடத்தைச் சட்டையில் ஒற்றி, விரலால் நீவி விரித்து அக்காவிடம் காட்டினான். மூலையில் வட்டம், நடுவே புள்ளி.

"என் குறிதான்க்கா. நான்தான் கட்டினேன். எல்லாத்தையும் நான்தான் கட்டினேன்."

நாத்தனார் குனிந்து அந்தக் குறியைப் பார்த்தாள்.

"ஒரே இடத்துக்குத்தானே போகுதுன்னு நினைச்சேன்" என்றான் டாக்டரம்மாவிடம். அப்புறம் அந்தப் பெரிய உடம்பு நாற்காலியில் தொப்பென்று விழுந்தது.

மனைவிக்கு அவனைப் பார்த்து இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வந்தது ஆத்திரம்தான்.

"வாயைத் திறக்கச் சொன்னீங்களே. குப்பையைக் கிளறினீங்களே. ஒரு நாள், ஒரே ஒரு நாள், என்னை விட்டுட்டு அந்தப் பொட்டலத்தைச் சந்தேகப்பட்டிருந்தா என்ன?"

அவன் கிழிந்த காகிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான்.

டாக்டரம்மா வேறு பக்கம் பேச்சைத் திருப்பினார். அவன் இரும்பு வாங்கியதில் தப்பில்லை, அவளுக்கு உண்மையிலேயே இரும்பு குறைச்சலாகத்தான் இருக்கும் என்றார். தைராய்டு மந்தமானால் குடல் இரும்பைச் சரியாக எடுக்காது, ரத்தப்போக்கு வேறு அதிகமாகும். இரும்பு குறைந்தால் தைராய்டு இன்னும் மந்தமாகும். ஒன்றின் காலை ஒன்று வாரிவிடும்.

"ஆனா இரும்பு தாராளமா இருக்குன்னு சொன்னீங்களே?" என்றாள் அவள்.

"அதுலதான் நானும் ஏமாந்தேன். உடம்புல எங்கயாவது வீக்கம் இருந்தா அந்த எண்ணு சும்மாவே ஏறும். உடம்பு இரும்பை உள்ளே வெச்சுப் பூட்டிக்கும், வெளியே விடாது. கிடங்குல சரக்கு இருக்கும், கதவு திறக்காது." கிடங்கு என்றதும் கணவன் நிமிர்ந்தான். "உங்களுக்கு எங்கயாவது ரொம்ப நாளா வீக்கம், வலி இருக்கா?"

அவள் வலக்கன்னத்தைத் தொட்டாள். "கடைவாய் ஈறு."

"எனக்குத் தெரியும்" என்றான் அவன் தரையைப் பார்த்து. "தினமும் பார்த்தேன்."

முதலில் பல் டாக்டர், அப்புறம் தனித்தனியாக மாத்திரைகள், பொறுமை. குரல் திரும்ப மாதங்கள் ஆகும் என்றார் டாக்டரம்மா. எப்போது என்று சொல்ல முடியாது.

நடைபாதையில் வாலு பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. ஒரு கை பையின் கயிற்றைப் பிடித்திருந்தது. பின்னாலேயே வந்த நாத்தனார் வழக்கம்போல அதன் இன்னொரு கையைப் பிடித்துவிட்டு, பிடித்ததை விடுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். கணவன் பையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான். முடிச்சு மசியவில்லை. நகத்தால் நெம்பினான், பல்லால் கடித்தான். அவன் போட்ட முடிச்சு, அவனுக்கே பிடிகொடுக்கவில்லை. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். அவன் நிறுத்தவில்லை.

குழந்தை அப்பாவைப் பார்த்தது, அத்தையைப் பார்த்தது. அம்மாவிடம் வரவில்லை. மறந்துபோகிற அம்மாவிடம் வருவதற்கு அதற்குத் தயக்கமாக இருந்தது. அவளுக்கு அது புரிந்தது. ஓடிப்போய்த் தூக்கிக்கொள்ள உடம்பில் தெம்பில்லை, இரண்டடி தள்ளிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தொண்டையைச் செருமினாள். வருகிற குரலை நினைக்கவே பயமாக இருந்தது. இருக்கிறது அதுதானே.

"பயணிகளின்..." கரகரவென்று, ஆண்குரல் மாதிரி, பாதியிலேயே உடைந்தது. பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பினார்கள். மறுபடி ஆரம்பித்தாள். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. பல் டாக்டர் வழியாக... வீட்டுக்குச் செல்லும் வாலு எக்ஸ்பிரஸ்... இன்னும் சற்று நேரத்தில்..."

மேலே வரவில்லை.

வாலு தலையைச் சாய்த்து அந்தக் குரலைக் கேட்டது. பிறகு அத்தையின் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டு நடந்து வந்தது. ஓடவில்லை, நடந்துதான் வந்தது. முன்னால் வந்து நின்று, இல்லாத டிக்கெட்டை நீட்டியது.

"வண்டி ஏம்மா இவ்வளவு லேட்டு?" என்று கேட்டது.